பெயர் வைக்க முடியாத நோய்க்கு விஏ கிளெய்ம்: தேதியைப் பிடிப்பதிலிருந்து தீர்ப்புக் கடிதம் வரை

அமெரிக்க ராணுவத்தில் இருந்து, இராக், குவைத், ஆப்கானிஸ்தான் என்று எங்கேயாவது போய் வந்து, அதற்கப்புறம் உடம்பு உடம்பாகவே இல்லாமல், போகிற மருத்துவர் எல்லாம் "டெஸ்ட் நார்மல்" என்று எழுதிக் கொடுத்த காகிதங்களோடு அல்லாடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் அப்படி ஒருவர். இராக்கில் பலாட் தளத்தில் ஒரு வருடம் வண்டி பழுதுபார்க்கும் வேலை. குப்பை எரிக்கிற குழியின் புகை கூடாரத்துக்குள்ளேயே வரும் என்பார். அவருடைய கிளெய்மை, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறையான விஏவிடம் ஊனத்துக்குப் பணம் கேட்கிற விண்ணப்பத்தை, முதல் தடவை நாங்களே தப்பாகப் போட்டுக் கெடுத்தோம், இரண்டாம் தடவை சரிசெய்தோம். அதைக் கேள்விப்பட்டு வந்த வேறு சிலருக்கும் உட்கார்ந்து பேப்பர் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, விஏ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியும் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குழியை இப்போதே சொல்லிவிடுகிறேன். நோய்க்கு ஒரு பெயர் கண்டுபிடித்தால்தான் பணம் வரும் என்று நினைத்துப் பெயரைத் தேடி ஓடுவது. இந்த வகைக் கிளெய்மில் சட்டம் கேட்பது இடம், அறிகுறி, ஆறு மாதம், இவ்வளவுதான். அவசரத்தில் நீங்களாக ஒட்டுகிற பெயர்தான் பல நேரம் காலை வாருகிறது.

1. இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

நாம் பேசுவது அமெரிக்க மத்திய அரசின் விதித் தொகுப்பில் (சிஎஃப்ஆர்) வரும் 38 சிஎஃப்ஆர் 3.317 என்ற விதி. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், படிவத்திலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும்.

இடம்: 1990 ஆகஸ்ட் 2 அல்லது அதற்குப் பிறகு, இராக், குவைத், சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன், பாரசீக வளைகுடா, அரபிக்கடல், செங்கடல், ஏடன் வளைகுடா, ஓமன் வளைகுடா, இவற்றின் மேலே உள்ள வான்வெளி. 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான, நச்சுப் பொருள் பட்ட படைவீரர்களுக்கான பேக்ட் சட்டம் ஆப்கானிஸ்தான், சிரியா, ஜோர்டான், எகிப்து, இஸ்ரேல், துருக்கி ஆகியவற்றையும் சேர்த்தது. கப்பலில் இருந்தவர்கள் "நான் கரையிலேயே கால் வைக்கவில்லையே" என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டாம், கடலும் கணக்கில் உண்டு.

அறிகுறி: அயர்ச்சி, தலைவலி, தசை வலி, மூட்டு வலி, தூக்கக் கோளாறு, மறதி, கவனம் நிற்காமை, வயிற்றுக் கோளாறு, மூச்சுத் தொல்லை, தோல் பிரச்சினை, இதயம் சார்ந்த தொல்லை, காரணமில்லாமல் எடை குறைவது, மாதவிடாய்க் கோளாறு. இவற்றில் ஒன்றோ பலவோ இருக்கலாம்.

காலம்: ஆறு மாதம். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆறு மாத இடைவெளியில் கூடியும் குறைந்தும் வந்தாலும் அது நாள்பட்டதுதான் என்று விதியே சொல்கிறது.

பேக்ட் சட்டத்துக்கு முன்னால் எழுதப்பட்டவற்றைப் படித்துவிட்டு, "குறிப்பிட்ட தேதிக்குள் நோய் பத்து சதவீத அளவுக்கு வந்திருக்கணுமாமே" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அந்தக் கெடுவும் பத்து சதவீத நிபந்தனையும் போய்விட்டன. நோய் எப்போது வெளிப்பட்டாலும், எந்த அளவில் வெளிப்பட்டாலும் பார்ப்பார்கள். பணம் கைக்கு வர, நோய் எவ்வளவு முடக்குகிறது என்று விஏ போடுகிற மதிப்பீடு பொதுவாகப் பத்து சதவீதமாவது வேண்டும், அது வேறு கணக்கு.

ஆஸ்துமா, நாள்பட்ட சைனசைடிஸ், நாள்பட்ட ரைனிடிஸ், சில புற்றுநோய்கள் இருந்தால் அவற்றுக்கு பேக்ட் சட்டத்தில் தனிப் பட்டியலே இருக்கிறது. அவற்றை இந்த மூட்டையில் கட்டாமல் தனித்தனி வரியாகப் போடுங்கள்.

2. வேறு எதையும் செய்வதற்கு முன் தேதியைப் பிடித்துப் போடுங்கள்

விஏவிடம் "நான் கிளெய்ம் போடப் போகிறேன்" என்று மட்டும் தெரிவிக்கிற படிவம் ஒன்று இருக்கிறது, எண் 21-0966. தொலைபேசியிலும் சொல்லலாம். அதைச் சொன்ன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், பணம் அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், அடுத்து வரும் வேலைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான். பேப்பர் எல்லாம் சேர்ந்தபின் முறையாகப் போடலாம் என்று எட்டு மாதம் காத்திருந்த ஒருவர் அந்த எட்டு மாதப் பணத்தையும் விட்டார். ஐந்து நிமிட வேலை.

அதே வாரத்தில் ஒரு பிரதிநிதியையும் பிடியுங்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளிலும், பல ஊர்களில் கவுண்டி அலுவலகத்திலும் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள். முதல் கிளெய்மைத் தயாரித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. "உங்களுக்கு நூறு சதவீதம் வாங்கித் தருகிறோம், வருகிற பணத்தில் இத்தனை மாதத்துக் காசு எங்களுக்கு" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். இவர்களுக்கு இங்கே சுறா என்று பெயர்.

3. ராணுவப் பேப்பர்களை வரவழையுங்கள்

முதலாவது டிடி 214, ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கிற சான்றிதழ். அதில் நீங்கள் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பது குறிப்புப் பகுதியில் இருக்கும், சிலருக்கு இருக்காது. இல்லாவிட்டால் பணி உத்தரவு, அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டில் அபாயப் பகுதிப் படி, அங்கே கொடுத்த பதக்கச் சான்று என்று ஏதாவது ஒன்று தேவை. இடம் நிரூபணமாகவில்லை என்றால் மற்ற எதையும் எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள், அதனால்தான் இது முதலில்.

இரண்டாவது, பணிக்காலத்து மருத்துவப் பதிவு. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் போடலாம், இணையத்திலும் கேட்கலாம்.

அதில் குறிப்பாகத் தேட வேண்டியது இரண்டு படிவங்கள். போவதற்கு முன் நிரப்பியது 2795, திரும்பும்போது நிரப்பியது 2796. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை என்றும் வரும்போது இரண்டு மூன்று தொல்லை என்றும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் பெரும்பாலோர் 2796இல் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்திருப்பார்கள். ஆமாம் என்று டிக் அடித்தால் இன்னும் சில நாள் முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள், வீட்டுக்குப் போகிற விமானம் தவறிவிடும் என்ற பேச்சு வரிசையில் நிற்கும்போதே காதுக்குக் காது போகுமாம். அத்தானும் அப்படித்தான் அடித்திருந்தார். பயப்பட வேண்டாம். நோய் பணிக்காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏன் அப்படி டிக் அடித்தீர்கள் என்பதை உங்கள் சொந்த அறிக்கையில் இரண்டு வரியில் உள்ளபடி எழுதிவிடுங்கள்.

எதன் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1991 என்றால் எரிந்த எண்ணெய்க் கிணறுகள், நரம்பு வாயுத் தாக்குதலுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த பிபி (பைரிடோஸ்டிக்மின் புரோமைடு) மாத்திரை, கூடாரத்திலும் உடையிலும் அடித்த பூச்சிமருந்து, கமிசியா ஆயுதக் கிடங்கை 1991 மார்ச்சில் வெடித்துத் தகர்த்த சமயம் அதன் பக்கத்தில் இருந்ததாகப் பாதுகாப்புத் துறை அனுப்பிய கடிதம். 2003 என்றால் மோசூல் பக்கம் மிஷ்ராக் கந்தக ஆலைத் தீ, கர்மத் அலி நீரேற்று நிலையம். அதற்குப் பின் போனவர்களுக்குப் பெரும்பாலும் குப்பைக் குழி. இந்த விதியில் எதை சுவாசித்தீர்கள் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை, அங்கே இருந்தாலே போதும். ஆனாலும் பின்னால் மருத்துவர் கேட்பார், அப்போது யோசித்துக்கொண்டு நிற்காமல் இருக்க இந்தத் தாள்.

4. நாட்காட்டி

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எங்களைக் காப்பாற்றியதும் இதுதான்.

பெயர் இல்லாத நோய் என்றால் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எதையும் காட்டாது, அப்படியானால் எதை வைத்து நம்புவார்கள் என்று கேட்கலாம். விதி கேட்பது புறச் சான்று, அதில் மருத்துவர் கண்ணால் பார்ப்பதோடு மருத்துவம் சாராத, வேறு ஒருவர் சரிபார்க்கக்கூடிய அடையாளங்களும் சேரும். வேலைக்குப் போகாத நாள், மருத்துவரிடம் போன நாள், எடை மாறியது, வீட்டார் பார்த்தது எல்லாமே அதில் வரும்.

அக்கா வீட்டுச் சமையலறையில் இந்திய மளிகைக் கடையில் வருடா வருடம் சும்மா கொடுக்கிற மாதக் காலண்டர் தொங்கும். ராகு காலம், அமாவாசை எல்லாம் போட்டது. அதில் அக்கா ஊரில் பால் கணக்கு எழுதுகிற மாதிரி சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்தாள். "வயிறு". "வயிறு, 4 தடவை". "படுத்தாச்சு". "லீவு". "கை விரிக்க முடியல". கிருத்திகைக் கட்டத்தில் "சாப்பிடல" என்று இருந்தது, விரதமா வலியா என்று கேட்டேன், வலிதான் என்றாள். கிளெய்முக்காக எழுதியதில்லை அது. எந்த நாள் என்ன சமைத்தால் ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க எழுதியது. அதனாலேயே அதற்கு மதிப்பு. மூன்று வருடத்துக் காலண்டரை அவள் தூக்கிப் போடாமல் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு போட்டு, எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்று கீழே கையெழுத்துப் போட்டு இணைத்தோம்.

உங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றால் இன்று தொடங்குங்கள். என்ன எழுதுவது என்பதை மதிப்பீட்டு அட்டவணையே சொல்லிவிடுகிறது, அதனால் அதற்கேற்ற மாதிரி எண்ணுங்கள்:

வயிறு (ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோய்): 2024 மே மாதம் மாறிய விதியின்படி, மலம் கழிப்பதோடு சேர்ந்து வரும் வயிற்று வலி கடந்த மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது இருந்தால் 30 சதவீதம் வரை, மாதத்தில் மூன்று நாளாவது என்றால் 20, மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது என்றால் 10. கூடவே வயிறு உப்புசம், மலத்தின் தன்மை மாறுவது போன்ற அறிகுறிகளும் வேண்டும். "அடிக்கடி வலிக்கும்" என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பே இல்லை, எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

உடம்பு முழுக்க வலி (ஃபைப்ரோமயால்ஜியா): கட்டுக்குள் வைக்கத் தொடர்ந்து மருந்து வேண்டும் என்றால் 10, மூன்றில் ஒரு பங்குக்கு மேலான காலம் வந்துபோனால் 20, ஏறக்குறைய எப்போதும் இருந்து மருந்துக்கும் அடங்காவிட்டால் 40. அதற்கு மேல் அட்டவணையில் கிடையாது. மாதத்தில் பதினோரு கட்டத்தில் "வலி" என்று இருந்தால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியாயிற்று, கண்ணாலேயே தெரியும்.

அயர்ச்சி: இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முடங்கிய காலம் என்று அவர்கள் சொல்வது, மருத்துவர் படுக்கையில் இருக்கச் சொல்லி சிகிச்சையும் கொடுத்த காலம். நீங்களாகப் போர்த்திப் படுத்த நாள் அதில் சேராது. ஆகவே மோசமான வாரம் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் மருத்துவருக்குச் செய்தி அனுப்புங்கள், அது பதிவில் ஏறும்.

நல்ல நாளையும் எழுதுங்கள். முப்பது நாளும் மோசம் என்று ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருக்கிற காலண்டரை யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்ப மாட்டேன்.

5. மருத்துவரிடம் போவது, எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போவது

விஏ மருத்துவமனை வேறு, விஏவில் கிளெய்ம் பார்க்கிற பிரிவு வேறு. உங்கள் மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கிளெய்மை முடிவு செய்கிறவர் அவர் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "டாக்டரிடம்தான் சொல்லிவிட்டேனே" என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் சேரவில்லை என்றால் 10-10ஈஇசட் (10-10EZ) படிவம் போட்டுச் சேருங்கள். 2024 மார்ச் 5 முதல், பணியில் நச்சுப் பொருள் பட்டவர்கள் கிளெய்ம் போடாமலே மருத்துவத்துக்குச் சேரலாம். சேர்ந்ததும் நச்சு வெளிப்பாட்டு ஸ்கிரீனிங் கேளுங்கள், சில கேள்விகள்தான். மூன்றாவது படியில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

வளைகுடாப் போர்ப் பதிவேட்டுப் பரிசோதனை, குப்பைக் குழிப் பதிவேடு என்று இரண்டு உண்டு. பதிவேட்டில் சேருவது கிளெய்ம் போட்டதாக ஆகாது. இதை இரண்டு தடவை படியுங்கள். "2015இலேயே எல்லாம் பதிந்துவிட்டேன்" என்று ஒரு அச்சுத்தாளைக் காட்டினவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

அப்புறம் முக்கியமானது, மற்ற நோய்களை விலக்குவது. தைராய்டு, ரத்தசோகை, பி12, தூக்கத்தில் மூச்சு நிற்பது, கோதுமை ஒவ்வாத குடல் நோய் ஆகியவற்றைக் கேட்டுப் பரிசோதியுங்கள். பாலைவனத்துப் பழைய தொற்றுகளில் கியூ காய்ச்சல் நாள்பட்டு இருக்கலாம், அதற்குத் தனி விதியே இருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குணப்படுத்தக்கூடிய நோய் ஏதாவது இருந்தால் அதைக் குணப்படுத்துங்கள், கிளெய்மைவிட அதுதான் பெரிது. இரண்டு, "நார்மல்" என்று வருகிற ஒவ்வொரு முடிவும் இந்தக் கிளெய்முக்குச் சாட்சி. வீட்டில் மனம் உடைந்து கிழித்துப் போடுகிறார்கள். கிழிக்காதீர்கள், அது ஆதாரம்.

வழக்கமான மருத்துவர் கையை விரித்துவிட்டால், போர் சார்ந்த நோய்களை ஆராயும் மையங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன: வாஷிங்டன் டிசி, நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்ச், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ. ரிஸ்க் (WRIISC) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நேரே போய் நிற்க முடியாது, உங்கள் விஏ முதன்மை மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைக்கலாம் என்பதே பல மருத்துவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

6. படிவத்தில் என்ன எழுதுவது

விண்ணப்பம் 21-526ஈஇசட் (21-526EZ). எல்லோரும் 526 என்பார்கள். "எந்த ஊனத்துக்காகக் கேட்கிறீர்கள்" என்ற கட்டத்தில்தான் நாங்கள் கவிழ்ந்தோம். அத்தானுடைய நண்பர் ஒருவர் "ஆர்த்ரைட்டிஸ்னு போடு, உடனே கிடைக்கும்" என்றார். போட்டோம். விரல் எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. ஆர்த்ரைட்டிஸ் இல்லை, ஆகவே இல்லாத நோய்க்குப் பணம் இல்லை என்று பதில் வந்தது. தப்பு முழுக்க எங்களுடையது, நாங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை அறிகுறிகளையே எழுதினோம்: மூட்டு வலியும் தசை வலியும், கண்டறியப்படாத நோய் அல்லது விளக்க முடியாத பல அறிகுறி நோயின் அடையாளமாக, 38 சிஎஃப்ஆர் 3.317இன்படி. வயிறு ஒரு வரி. அயர்ச்சி ஒரு வரி. ஒவ்வொரு அறிகுறியும் தனி வரி.

பெயரே கூடாது என்று சொல்லவில்லை. நாள்பட்ட அயர்ச்சி நோய், ஃபைப்ரோமயால்ஜியா, ஐபிஎஸ் போன்ற இயக்கம் சார்ந்த வயிற்றுக் கோளாறுகள், இவற்றை விதியே பெயர் சொல்லி ஏற்கிறது. மருத்துவர் முறைப்படி இவற்றில் ஒன்றை எழுதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். அயர்ச்சி நோய்க்கு மட்டும் கெடுபிடி அதிகம்: அன்றாட வேலை ஐம்பது சதவீதத்துக்கும் கீழே குறைந்து ஆறு மாதமாவது இருக்க வேண்டும், பத்து அறிகுறிகளில் ஆறு இருக்க வேண்டும். கூடாது என்பது நீங்களாக யூகித்துப் போடுகிற பெயர்.

விபத்தில் அடிபட்ட முதுகு, ஊருக்கு வந்தபின் பிடித்த வேறு நோய், இவற்றை இதில் கலக்காதீர்கள். வேறு காரணம் இருக்கிறது என்று நீங்களே காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

526இல் எந்தெந்த அபாயப் பகுதியில் எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று கேட்கிற பகுதியை வெற்றாக விடாதீர்கள். தனியார் மருத்துவரிடம் போயிருந்தால் அந்தப் பதிவுகளை நீங்களே வாங்கி இணையுங்கள். விஏவையே வாங்கச் சொல்லி 21-4142இல் கையெழுத்துப் போடலாம், ஆனால் அந்த அலுவலகத்தில் பதில் போடாவிட்டால் கிளெய்ம் அங்கேயே நிற்கும்.

7. வீட்டார் எழுதும் கடிதம்

படிவம் 21-10210. மனைவி, கூட வேலை பார்த்தவர், கூடப் பணியில் இருந்தவர் என்று யாரும் எழுதலாம்.

பெரும்பாலோர் எழுதுவது: "இவர் மிகவும் நல்லவர், நாட்டுக்காக உழைத்தவர், தயவுசெய்து உதவுங்கள்." இதில் சாட்சி என்று எதுவும் இல்லை. மருத்துவம் பேசுவதும் வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் முன்னால், பின்னால் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அக்கா எழுதியதில் ஒரு பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது: "போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பினால் மதியம்தான் வருவார். இப்போது மளிகைக் கடைக்குப் போனால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஊறுகாய் பாட்டில் மூடியை என் பத்து வயது மகன் திறந்து கொடுக்கிறான்." இதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

8. பரிசோதனை நாள்

விண்ணப்பம் போனபின் சி அண்ட் பி என்ற மதிப்பீட்டுப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு எடுத்த வெளி மருத்துவர். சிகிச்சைக்கு இல்லை, அளந்து பார்க்க மட்டும். போகாமல் விட்டால் கிளெய்ம் தள்ளுபடி ஆகலாம், முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லித் தேதி மாற்றுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. அத்தானின் முதல் பரிசோதனையில் உள்ளே போனதும் மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் சிரித்துக்கொண்டே நல்லா இருக்கேன் என்றிருக்கிறார். அறிக்கையில் அது அப்படியே ஏறியது.

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"டாக்டர் கேட்டா வேற என்னம்மா சொல்றது? வந்ததும் வராததுமா புலம்பச் சொல்றியா?"

புலம்ப வேண்டாம், எண்ணிக்கை சொல்லுங்கள். "போன மாதம் பதினான்கு நாள் வயிற்று வலி, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை." காலண்டரின் நகல் கையில் இருக்கட்டும். இன்றைக்கு எப்படி என்று கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிட்டு, மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள், கை தூக்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெட்டியைத் தூக்கினால் அதையும் எழுதுவார்கள்.

மருத்துவர் கடைசியில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கிளெய்மின் தலையெழுத்தே அங்கேதான். ஒன்று, கண்டறியப்படாத நோய். இரண்டு, பெயர் உண்டு, ஆனால் காரணம் விளங்காத பல அறிகுறி நோய். மூன்று, காரணம் ஓரளவு விளங்கிய பல அறிகுறி நோய். நான்கு, காரணம் தெளிவாகத் தெரிந்த தனி நோய். முதல் இரண்டில் விழுந்தால் பணிக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது, சட்டம் அதை ஊகித்துக்கொள்கிறது. மூன்றிலும் நான்கிலும் விழுந்தால், பணிக்காலத்து வெளிப்பாட்டால் வந்திருக்க சரிபாதி வாய்ப்பாவது உண்டு என்று மருத்துவக் கருத்து வேண்டும். நீரிழிவும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஓரளவு விளங்கியவை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

சில மருத்துவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே "ஆனால் பணியோடு தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அது தேவையில்லாத வரி. அதை வைத்து மறுத்தால் அது தப்பான மறுப்பு. அந்த அறிக்கையின் நகலை 20-10206 படிவம் போட்டு வாங்கிப் பாருங்கள், பார்க்காமல் மேல்முறையீடு போவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

9. கடிதம் வந்தபின்

முதல் பக்கத்தில் சதவீதத்தைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். உள்ளே உங்களுக்குச் சாதகமாக எதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு பகுதி இருக்கும். இடத்தை ஏற்றிருக்கிறார்களா, அறிகுறியை ஏற்றிருக்கிறார்களா, எதில் தட்டியது என்று அங்கே தெரியும். எந்த ஆதாரங்களைப் பார்த்தார்கள் என்ற பட்டியலில் காலண்டரும் வீட்டார் கடிதமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சதவீதங்களைக் கூட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். 40ம் 30ம் சேர்ந்தால் 70 இல்லை. முதலில் 40 போக மிச்சம் 60, அந்த 60இல் 30 சதவீதம் 18, ஆக 58, பத்துக்கு முழுமையாக்கினால் 60. ஒரே அறிகுறிக்கு இரண்டு பெயரில் மதிப்பீடும் கிடைக்காது.

மறுத்துவிட்டால் வழி மூன்று. புது ஆதாரம் இருந்தால் துணைக் கிளெய்ம், 20-0995. ஆதாரம் எல்லாம் இருந்தும் விதியைத் தப்பாகப் பிடித்தார்கள் என்றால் மேல்நிலை மறுபார்வை, 20-0996. அதில் புதுத் தாள் ஒன்றும் சேர்க்க முடியாது, ஆனால் தொலைபேசியில் ஒரு தடவை பேசித் தப்பைச் சுட்டிக்காட்டலாம். எட்டாம் படியில் சொன்ன தேவையில்லாத வரி மாதிரி விஷயத்துக்கு இதுதான் சரி. மூன்றாவது மேல்முறையீட்டு வாரியம், 10182. இருப்பதிலேயே நீண்டது, பிரதிநிதியைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

மூன்றுக்கும் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடம். துணைக் கிளெய்மை அதற்குப் பிறகும் போடலாம், ஆனால் பழைய தேதி போய்விடும். எங்களுக்குப் போனது. முதல் மறுப்பு வந்ததும் அத்தான் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்து இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார், மறுபடி எடுக்க இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடம் அவர் இருந்த இருப்பை வைத்துச் சொல்கிறேன்: மறுப்புக் கடிதம் வந்த வாரம் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடவே இருங்கள். வருடக்கணக்கில் எல்லாம் நார்மல் என்று கேட்டவருக்கு இன்னொரு "இல்லை" வெறும் காகிதமாகத் தெரியாது. பேச்சு ஒரு மாதிரி போனால் 988ஐக் கூப்பிட்டு 1ஐ அழுத்துங்கள், படைவீரர்களுக்கான அவசர உதவி அது, வீட்டார் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

அனுமதி வந்துவிட்டாலும் காலண்டரை நிறுத்தாதீர்கள். நோய் கூடினால் உயர்த்திக் கேட்க அதே எண்ணிக்கைதான் வேண்டும், மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டாலும் அதேதான். இந்த வருடக் காலண்டரில் அக்கா தனியாக ஒரு சிவப்புப் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், இப்போது அத்தானே எழுதுகிறார்.